வங்கியின் பெயரால் வரும் மடல்கள்

"அன்புள்ள வாடிக்கையாளருக்கு" என்று அது தொடங்கும். தங்கள் கணக்கில் வழமைக்கு மாறான நடவடிக்கை ஒன்று காணப்பட்டதாகவும், 24 மணித்தியாலத்துக்குள் விபரங்களை உறுதிப்படுத்தாவிடின் கணக்கு முடக்கப்படும் எனவும் அடுத்த வரி கூறும். கீழே ஓர் இணைப்பு. மேலே வங்கியின் இலச்சினை. அடியில் பாதுகாப்புப் பிரிவின் பெயரில் ஒரு கையொப்பம். கொழும்பிலோ இலண்டனிலோ ரொறன்ரோவிலோ சிட்னியிலோ இருந்து இதனை வாசிக்கும் அன்பர்களுள் இத்தகைய மடல் ஒன்றைக் காணாதவர்கள் அரிதாகவே இருப்பார்கள்.

இதனை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்டால் பெரும்பாலானோர் தரும் பதில், எழுத்துப் பிழையைப் பாருங்கள் என்பதே. ஒப்புநோக்குநரின் மேசையில் தொழில் பழகி, பிழைகளைத் தேடியே வாழ்நாளைக் கழித்த பத்திரிகைக்காரனாகிய எனக்கு இந்தப் பதில் உவப்பானதுதான். ஆனால், இந்த மோசடியின் வரலாற்றைப் பின்னோக்கிப் பார்க்கும்போது, எழுத்துப் பிழை என்பது அதன் ஒரு பருவத்துக்கு மட்டும் உரிய அடையாளம் என்பது புலனாகிறது. ஒவ்வொரு காலத்திலும் ஏதாவதோர் அடையாளம் பொதுமக்களுக்குக் கற்பிக்கப்பட்டது. மக்கள் அதைக் கற்று முடிப்பதற்குள் மோசடிக்காரர்கள் அதைத் துடைத்துவிட்டார்கள். மாறாமல் நிற்பது மடலின் தோற்றமன்று, அது நம்மிடம் கேட்கும் பொருள்.

கதை கணினியில் தொடங்கவில்லை. குற்றவாளியாக இருந்து பின்னர் பாரிஸ் பொலிஸின் துப்பறியும் பிரிவுக்குத் தலைவரான வீடோக், 1828 இல் வெளிவரத் தொடங்கிய தமது நினைவுக் குறிப்புகளில் 'ஜெருசலேம் கடிதங்கள்' என்ற ஒருவகைக் கடிதத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். சிறைக்கைதிகள் வசதி படைத்தோரின் முகவரிகளைத் திரட்டி அவர்களுக்குக் கடிதம் எழுதுவார்கள். தாம் பிரபு ஒருவரின் பணியாள் என்றும், புரட்சிக்கு அஞ்சித் தப்பியோடியபோது பொன்னும் மணியும் நிறைந்த பேழையொன்றைத் தங்கள் ஊருக்கு அருகே மறைத்துவைத்ததாகவும், அதை மீட்பதற்குச் சிறுதொகை தேவைப்படுவதாகவும் கதை போகும். நூறு கடிதம் அனுப்பினால் இருபதுக்குப் பதில் வரும் என்று வீடோக் கணக்குச் சொல்கிறார். இன்றைய மோசடிக்காரர்கள் கனவிலும் காணமுடியாத விகிதம் அது.

அதே நூற்றாண்டில் இக்கதை 'ஸ்பானியக் கைதி' என்ற பெயரில் அத்திலாந்திக்கைக் கடந்தது. பொலிஸார் அறிந்த மிகப் பழைய மோசடிகளுள் அதுவும் ஒன்று என 1898 இலேயே நியூயோர்க் ரைம்ஸ் எழுதியது. பின்னாளில் நைஜீரியாவின் பெயரோடு இணைத்துப் பேசப்பட்டு, அந்நாட்டுக் குற்றவியல் கோவையின் 419 ஆம் பிரிவால் பெயர்பெற்ற கடிதங்களும் இந்தப் பரம்பரையைச் சேர்ந்தவையே. தபாலில் வந்தவை தொலைநகலுக்கு மாறி, பிறகு மின்னஞ்சலுக்கு வந்தன.

வங்கியின் பெயரால் வரும் மடலையும் இந்தப் பரம்பரையில் சேர்த்து எழுதுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. ஸ்பானியக் கைதி நமக்கு அந்நியன். அவன் ஆசையைத் தூண்டினான். ஏமாந்தவரைப் பார்த்து, பேராசையால் கெட்டார் என்று ஊர் சொல்ல முடிந்தது. வங்கி மடல் அப்படிப்பட்டதன்று. அது நமக்கு ஏற்கெனவே பழக்கமான முகத்தை அணிந்துகொண்டு வருகிறது. புதிதாக எதையும் தருவதாகச் சொல்லாமல், இருப்பதை இழக்கப் போகிறீர்கள் என்று அச்சுறுத்துகிறது. அதில் சிக்குபவர் பெரும்பாலும் ஆசைப்பட்டவரல்லர், தம் கணக்கைக் காப்பாற்ற விரும்பிய பொறுப்புள்ள மனிதர்.

இங்கே ஒரு வேடிக்கையைக் குறிப்பிட வேண்டும். வங்கிகள் தமக்குள் ஒருபோதும் வெறுங்கடிதத்தை நம்பியதில்லை. நான் தொழிலுக்கு வந்த காலத்தில் செய்தி அறையின் மூலையில் ரெலெக்ஸ் இயந்திரம் ஓயாது இரைந்துகொண்டிருக்கும். அதே வகை இயந்திரம் வங்கிகளிலும் இருந்தது. செய்திக்கு நாங்கள் எந்தக் காப்பும் வைத்ததில்லை. ஆனால், பணம் அனுப்பும் ரெலெக்ஸ் செய்தி ஒவ்வொன்றிலும் வங்கிகள் ஒரு சோதனை எண்ணைச் சேர்த்தன. தொகை, திகதி, வரிசை எண் ஆகியவற்றை, இரு வங்கிகளிடம் மட்டுமே இருந்த இரகசிய அட்டவணையோடு கூட்டிப் பெறப்பட்ட எண் அது. பெறுகின்ற வங்கியும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். விடை பொருந்தாவிட்டால் பணம் அசையாது. 1973 இல் நிறுவப்பட்டு 1977 இல் இயங்கத் தொடங்கிய 'சுவிஃப்ட்' வலையமைப்பு இந்தக் கைக்கணக்கை இயந்திரத்திடம் ஒப்படைத்தது. இவ்வளவு எச்சரிக்கையுள்ள இந்தத் தொழில்தான், வாடிக்கையாளரோடு பேசுவதற்கு, எந்தச் சோதனை எண்ணும் இல்லாத மின்னஞ்சலை ஏற்றுக்கொண்டது.

மின்னஞ்சலை ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்லும் விதிகளை ஜொன் போஸ்டல் 1982 ஓகஸ்டில் வகுத்து வெளியிட்டார். அன்று அந்த வலையமைப்பில் இருந்தவர்கள் பல்கலைக்கழகத்தினரும் ஆய்வாளரும் இராணுவத் துறையினருமே. ஒருவர் தம் பெயரைச் சொன்னால் அதைச் சந்தேகிக்கும் தேவை எழவில்லை. ஆகவே 'அனுப்புநர்' என்ற இடத்தில் அனுப்புபவர் எதை எழுதுகிறாரோ அதுவே பெறுபவருக்குக் காட்டப்பட்டது. தபால் உறையின் பின்புறத்தில் யாரும் யாருடைய முகவரியையும் எழுதலாம் அல்லவா? அதே நிலைதான். சிறிய கிராமத்துக்காக அமைத்த கதவில்லாத வீட்டில் பின்னர் உலகமே குடியேறியது.

அந்த வீட்டுக்குள் முதலில் புகுந்தவர்கள் வங்கிக் கொள்ளையர்களல்லர், பதின்ம வயதினர். 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்கா ஒன்லைன் நிறுவனத்தின் இணையச் சேவை அந்நாட்டில் கொடிகட்டிப் பறந்தது. போலிக் கடனட்டை எண்களை உருவாக்கிச் சிலர் அதில் இலவசக் கணக்குத் திறந்து வந்தார்கள். 1995 இல் நிறுவனம் எண்களைச் சரிபார்க்கத் தொடங்கியதும் அந்த வழி அடைபட்டது. புதுக் கணக்குத் திறக்க முடியாதவர்கள் பிறரின் கணக்கைப் பறிக்க முனைந்தார்கள். 'ஏஓஹெல்' என்ற மென்பொருள் அதற்கு உதவியது. நிறுவனத்தின் ஊழியர் போல் நடித்து, கட்டண விபரத்தைச் சரிபார்க்க வேண்டியிருப்பதாகக் கூறிக் கடவுச்சொல்லைக் கேட்கும் செய்திகளை அது வரிசையாக அனுப்பித் தள்ளியது. 'பிஷிங்' என்ற சொல்லும் இந்த வட்டாரத்தில்தான் பிறந்தது. மீன்பிடித்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தை மாற்றி எழுதினார்கள். தொலைபேசி வலையமைப்பை ஏமாற்றி இலவசமாகப் பேசிவந்த 1970களின் 'பிரீக்கர்'களுக்கு அது ஒரு வணக்கம். பதிவான முதற் பயன்பாடுகளுள் ஒன்று 1996 ஜனவரி 2 ஆம் திகதிக்கு உரியது. தமிழில் நான் இதனைத் தூண்டில் மடல் என்று எழுதிவருகிறேன்.

எங்கள் ஊழியர் எவரும் உங்களிடம் கடவுச்சொல்லைக் கேட்கமாட்டார் என்ற எச்சரிக்கையை அந்த நிறுவனம் தன் செய்திப் பெட்டியிலேயே இடவேண்டியதாயிற்று. உலகின் வங்கிகள் யாவும் இன்று சொல்லிக்கொண்டிருக்கும் வாசகத்தின் மூதாதை அது.

பணத்தை நேராகக் குறிவைத்த முதல் முயற்சிகளுள் ஒன்று 2001 ஜூனில் 'ஈ-கோல்ட்' என்ற இணையக் கொடுப்பனவு நிறுவனத்தின் வாடிக்கையாளர்களை நோக்கி வந்தது. அவ்வாண்டு செப்டெம்பர் 11 தாக்குதலை அடுத்து, அதைச் சாக்காக வைத்து அடையாளத்தை உறுதிப்படுத்தக் கோரும் மற்றொரு மடல் வந்தது. ஊரே கலங்கியிருக்கும் வேளையில், பாதுகாப்புக்காகத்தான் கேட்கிறோம் என்று சொன்னால் யார் மறுப்பார்கள்? அச்சத்தை ஆயுதமாக்கும் கலை அன்றே கைவந்துவிட்டது. 2003 இல் அலை வங்கிகள்மீது மோதியது. அவுஸ்திரேலிய வங்கிகள் முதலில்; செப்டெம்பரில் பிரித்தானியாவின் பார்க்ளேஸ்; ஒக்டோபரில் ஹலிபக்ஸ் வங்கி தன் இணையச் சேவையையே தற்காலிகமாக மூடிவைத்தது. இம்மோசடியை எதிர்ப்பதற்கான சர்வதேசக் கூட்டமைப்பொன்று அதே ஆண்டில் உருவானது.

இனி அடையாளங்களின் கதை. 2003 இன் மடல்களில் ஆங்கிலம் தள்ளாடியது உண்மை. ஆகவே பிழையைப் பாருங்கள் என்ற அறிவுரை பிறந்தது. ஆனால் பிழை எப்போதும் அறியாமையால் நேர்வதன்று. மைக்ரோசொப்ட் ஆய்வாளர் கோர்மாக் ஹேர்லி 2012 இல் எழுதிய கட்டுரையொன்றில், நைஜீரியக் கடிதங்கள் வெளிப்படையாகவே நம்பத்தகாதவையாக இருப்பது எழுதியவருக்கு இலாபம் என்று வாதிட்டார். விவேகமுள்ளோர் முதலிலேயே விலகிவிடுகிறார்கள். எஞ்சுவோரோடு மட்டும் நேரத்தைச் செலவிட்டால் போதும். வங்கி மடல் இதற்கு நேர்மாறு: அது ஒரே பார்வையில் நம்பவைத்தாக வேண்டும். 2022 நவம்பரில் 'சாட்ஜிபிடி' வெளிவந்த பின்னர் அதற்கும் வழி பிறந்தது. ஒருகாலத்தில் தமிழில் வந்த மோசடி மடல்கள் மொழிபெயர்ப்புப் பொறியின் தமிழ் என்று முதல் வரியிலேயே காட்டிக்கொடுத்தன. நமது மொழி நமக்கு ஒரு வேலியாக இருந்தது. இன்று அந்த வேலி இல்லை. சில வங்கிகள் உண்மையிலேயே அனுப்பும் தமிழ் அறிவித்தல்களைவிட மோசடி மடலின் தமிழ் நன்றாக இருக்கக்கூடும் என்பதை வேதனையோடு சொல்கிறேன்.

அடுத்து, முகவரியைப் பாருங்கள் என்றார்கள். 2000 ஜூலையிலேயே பேபால் நிறுவனத்தின் பெயரில் கடைசி 'எல்' எழுத்துக்குப் பதிலாகப் பெரிய 'ஐ' எழுத்தை இட்ட போலித் தளம் ஒன்று இயங்கியது. கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. 2002 இல் இரு இஸ்ரேலிய ஆய்வாளர்கள், ஆங்கில எழுத்தைப் போலவே தோன்றும் ரஷ்ய எழுத்துகளைக் கலந்து மைக்ரோசொப்டின் பெயரையே தம் பெயரில் பதிவுசெய்து காட்டினார்கள். தமிழருக்கு இது விளங்காத விடயமன்று. தமிழ் இலக்கம் ௭ உம் எகரமும் ஒரே உருவம். ௧ உம் ககரமும் அவ்வாறே. ஆயினும் கணினிக்கு அவை வெவ்வேறு எழுத்துகள். '.இலங்கை' என்று முடியும் முகவரிகள் 2010 முதல் நமக்குக் கிடைத்திருக்கும் நிலையில், எந்த எழுத்தை அனுமதிப்பது என்று வகுப்போர் இந்த இரட்டையர்களைப் பற்றியும் சிந்திக்க வேண்டியிருக்கிறது.

2006 இல் அமெரிக்காவில் நடந்த சோதனையொன்று அறிவுரைகளின் எல்லையைத் தெளிவாகக் காட்டியது. ரச்னா தமிஜாவும் அவரது சகாக்களும் 22 பேருக்கு உண்மைத் தளங்களையும் போலித் தளங்களையும் காட்டினார்கள். போலி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தும், மிகச் சிறந்த போலி அவர்களில் 90 சதவீதத்தினரை ஏமாற்றியது. அதன் உத்தி, வங்கியின் பெயரில் 'டபிள்யூ' எழுத்து வரவேண்டிய இடத்தில் இரண்டு 'வி' எழுத்துகளை அருகருகே இட்டதே. பங்கேற்றோரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பகுதியினர் முகவரிப் பட்டையை ஏறிட்டுப் பார்க்கவேயில்லை.

பூட்டுச் சின்னத்தைப் பாருங்கள் என்ற அறிவுரையின் கதி இதைவிடப் பரிதாபமானது. பூட்டு என்பது பாதை பாதுகாப்பானது என்பதை மட்டுமே சொன்னது. பாதையின் மறுமுனையில் இருப்பவர் நேர்மையானவர் என்று அது ஒருபோதும் சொன்னதில்லை. 2016 முதல் எவரும் இலவசமாகப் பெறக்கூடிய சான்றிதழ்கள் பரவியதும் திருடர்களும் பூட்டு மாட்டிக்கொண்டார்கள். கூகுள் தன் குரோம் உலாவியிலிருந்து 2023 செப்டெம்பரில் அந்தச் சின்னத்தையே அகற்றிவிட்டது. ஒருமுறை மட்டும் செல்லுபடியாகும் இரகசிய எண்ணும் முழுக் காப்பாக அமையவில்லை. 2006 ஜூலையில் சிற்றிபாங்கின் வணிக வாடிக்கையாளர்களுக்கு விரிக்கப்பட்ட வலையில், போலித் தளம் அந்த எண்ணையும் கேட்டுவாங்கி, அது காலாவதியாகும் முன்னரே உண்மைத் தளத்தில் இட்டது.

இந்த வரலாற்றில் இலங்கைக்கும் ஓர் இடமுண்டு. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் பெயரால் நியூயோர்க்கிலுள்ள பெடரல் ரிசேர்வ் வங்கிக்கு 35 பணக் கட்டளைகள் சென்றன. மொத்தம் ஏறத்தாழ 951 மில்லியன் டொலர். திருடர்கள் உள்ளே புகுந்த வழி, வேலை தேடும் ஒருவர் தம் சுயவிபரக் கோவையை அனுப்புவது போல் 2015 இன் தொடக்கத்தில் அந்த வங்கியின் ஊழியர்களுக்கு வந்த மின்னஞ்சல்களே என்று அமெரிக்க நீதித்திணைக்களம் 2018 இல் வெளியிட்ட குற்றப்பத்திரம் கூறியது. 81 மில்லியன் டொலர் பிலிப்பைன்ஸுக்குப் போய் மறைந்தது. 20 மில்லியன் டொலர் இலங்கையிலுள்ள ஒரு தொண்டு நிறுவனத்தின் பெயருக்கு வந்தது. அந்த நிறுவனத்தின் பெயரில் 'பவுண்டேஷன்' என்ற சொல் 'பன்டேஷன்' என்று தவறாக எழுதப்பட்டிருந்ததால் இடையிலிருந்த ஜேர்மன் வங்கி ஐயுற்று வினவியது. கொழும்பிலுள்ள வங்கிக்கும், இத்தனை பெரிய தொகை இந்நாட்டுக்கு வருவது இயல்பன்று என்று தோன்றியது. பணம் திருப்பி அனுப்பப்பட்டது. எழுத்துப் பிழையின் புகழை இச்சம்பவம் உலகெங்கும் நிலைநாட்டியது. ஆனால் பிலிப்பைன்ஸுக்குப் போன கட்டளைகளில் அத்தகைய பிழை இல்லை என்பதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

அப்படியாயின் எதைப் பார்ப்பது? மடல் என்ன கேட்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். அவசரப்படுத்துகிறதா? இணைப்பின் வழியே வந்து கடவுச்சொல்லையோ இரகசிய எண்ணையோ தரச் சொல்கிறதா? பிறரிடம் சொல்லவேண்டாம் என்கிறதா? இவற்றுள் ஒன்று இருந்தாலும், அது எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் அதன்படி நடக்கக்கூடாது. முகவரியைப் படிப்பதாயின் தபால் உறையைப் படிப்பதுபோல் கடைசியிலிருந்து படிக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் கண்டி வீதி இருக்கிறது. அதனால் அங்குள்ள வீடு கண்டியில் இருப்பதாக எந்தத் தபாற்காரரும் நினைப்பதில்லை. இணைய முகவரியிலும் அவ்வாறே. இரட்டைச் சாய்கோட்டுக்குப் பின்வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு இடப்புறமாக, கடைசியில் நிற்கும் பெயரே ஊர். அதற்கு முன்னால் வங்கியின் பெயர் எத்தனை தடவை வந்தாலும் அது வெறும் வீதிப் பெயர்.

பத்திரிகை அலுவலகத்தில் எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. மரண அறிவித்தல் ஒன்று தொலைபேசியில் வந்தால், அழுதபடி சொன்னாலும் அதை உடனே அச்சுக்குக் கொடுப்பதில்லை. உயிரோடிருப்பவரின் பெயரில் விஷமிகள் அறிவித்தல் கொடுப்பதுண்டு. அழைத்தவர் தந்த இலக்கத்துக்கும் நாங்கள் திரும்ப அழைப்பதில்லை. தொலைபேசி விபரக்கொத்தில் அந்தக் குடும்பத்தின் இலக்கத்தை நாங்களே தேடி எடுத்து அழைப்போம். வங்கி மடலுக்கும் நான் அதையே செய்கிறேன். மடலிலுள்ள இணைப்பையும் இலக்கத்தையும் தொடுவதில்லை. அட்டையின் பின்புறத்தில் அச்சிடப்பட்ட இலக்கத்தை அழைக்கிறேன். ஐந்து நிமிடம் செலவாகும், அவ்வளவுதான்.

கதவில்லாத வீட்டுக்குக் கதவு பொருத்தும் வேலையும் நடந்திருக்கிறது. அனுப்புநரின் பெயர் உண்மைதானா என்று சரிபார்க்கும் 'டிமார்க்' முறை 2012 இல் அறிவிக்கப்பட்டது. பெருந்தொகையாக மடல் அனுப்புவோர் அதைப் பின்பற்றியே ஆகவேண்டும் என்று கூகுளும் யாஹூவும் 2024 பெப்ரவரியில் விதித்தன. போஸ்டலின் விதிகளுக்கும் இதற்கும் இடையில் 40 ஆண்டுகளுக்கு மேல்! அதற்குள் மோசடிக்காரர்கள் குறுஞ்செய்திக்கும் வட்ஸ்அப்புக்கும் நேரடித் தொலைபேசி அழைப்புக்கும் போய்விட்டார்கள்.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் புலம்பெயர்ந்து பிள்ளைகளோடு வாழ்கிறார். இத்தகைய மடலொன்றினால் சேமிப்பின் பெரும்பகுதியை இழந்தார். மூன்று வாரங்களாகப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. "படிச்ச மனுசி இப்பிடி ஏமாந்தனெண்டு எப்பிடித் தம்பி சொல்லுறது?" என்று என்னிடம் கேட்டார். வங்கிக்குச் சொன்னபோது, திறப்பை நீங்களேதான் கொடுத்தீர்கள் என்று பதில் வந்ததாம். முதல் சில மணித்தியாலங்களில் அறிவித்திருந்தால் பணம் போய்ச்சேர்ந்த கணக்கை முடக்கியிருக்கவும் கூடும். அந்த நேரத்தை வெட்கம் தின்றுவிட்டது.

இலங்கை 2006 இல் கொடுப்பனவுச் சாதன மோசடிகள் சட்டத்தையும் 2007 இல் கணினிக் குற்றச் சட்டத்தையும் இயற்றியது. இவை திருடனைத் தண்டிப்பதற்கானவை. இழப்பை யார் ஏற்பது என்பது வேறு கேள்வி. ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக உலகின் வங்கிகள் பலவும் அடையாளம் காணும் பொறுப்பை வாடிக்கையாளரின் தலையிலேயே வைத்து வந்தன. பிரித்தானியா 2024 ஒக்டோபர் 7 முதல் அதை மாற்றியது. ஏமாற்றப்பட்டுத் தாமே அனுப்பிய பணமாயினும், 85,000 பவுண் வரை வாடிக்கையாளருக்கு வங்கிகள் திருப்பித் தரவேண்டும் என்பது விதி. மிகுந்த அலட்சியம் போன்ற சில விலக்குகள் உண்டு. அந்தச் செலவில் பாதியை, பணத்தை அனுப்பிய வங்கி சுமக்கும். மறுபாதியை, திருடனுக்குக் கணக்குத் திறந்து கொடுத்த வங்கி சுமக்க வேண்டும்.